பராக்கை அடக்கிக் கேட்போம்

ஒருவர் பேசும்போது அவர் முன் அமர்ந்திருந்தும், நம் மனம் பச்சைத் தேயிலை விலையிலும் பிள்ளைகளின் படிப்புச் செலவிலும் திரிவதுண்டு. ஜெபத்தில் மட்டுமல்ல, சம்பாஷணையிலும் இது பராக்குத்தான்.

1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால், இலங்கையில் இருந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. தோட்ட ஜனங்களைக் கலந்து கேளாமலே முடிவாயிற்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, 1968 முதல் நம் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. அன்று வந்த பெரியவர்கள் இன்றும் நம் அயலில் இருக்கிறார்கள்.

ஒரு பாட்டி தலைமன்னாரில் கப்பலேறிய கதையைத் தொடங்கியதும், "தெரிந்த கதைதானே" என்று மனம் ஓடும். அதைக் கடிந்துகொள்ளாமல், அவர் கடைசியாய்ச் சொன்ன வார்த்தைக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பதிலை முன்கூட்டியே தயார் செய்யாதீர்கள். அவர் நிறுத்தினால் சற்றுப் பொறுத்திருங்கள். முக்கியமான சொல் பலமுறை அதன் பிறகே வரும். முடிவில், கேட்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லி, "சரிதானா, பாட்டி?" என்று கேளுங்கள்.

அன்று யாரும் கேளாதவர்களுக்கு இன்று நாமாவது செவிகொடுப்போமாக. இந்த வாரம் ஒரு வீட்டில், அரைமணி நேரம்.