முகவரியின் வால்பகுதி

சென்ற மாதம் நமது மல்லேசுவரம் கிளைக்கு வந்த மூத்த வாடிக்கையாளர் ஒருவர், கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியைக் காட்டி, "நம் வங்கியின் பெயர்தானே இருக்கிறது, திறக்கலாமா?" என்று வினவினார். பெயர் இருந்தது உண்மை. ஆனால் அது முகவரியின் தொடக்கத்தில் இருந்தது. இறுதியில் இருந்ததோ எவரோ விலைக்கு வாங்கிய ஒரு 'டாட் காம்' பெயர்.

இணைய முகவரியை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். அஞ்சல் உறையில் ஊரும் மாநிலமும் கடைசியில் வருவதுபோல, இங்கும் உரிமையைக் காட்டும் பகுதி வாலில்தான் உள்ளது. அதன் கடைசிச் சொல்லே உயர்நிலை ஆள்களப் பெயர். 'டாட் இன்' நம் நாட்டைக் குறிப்பது. பெங்களூரின் புதுத்தொழில் நிறுவனங்கள் விரும்பும் 'டாட் ஏஐ' உண்மையில் கரீபியக் கடலிலுள்ள அங்குவில்லா தீவுக்குரியது. செயற்கை நுண்ணறிவின் ஆங்கிலச் சுருக்கத்தோடு அது ஒத்துப்போனமையால் தீவு அரசுக்கு நல்ல வருவாய்! இத்தகைய பெயர்களைக் கட்டணம் செலுத்தும் எவரும் பெறலாம். மோசடிக்காரருக்கும் அதுவே வசதி.

இதனைக் கருதியே ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கெனத் தனியே 'பேங்க்.இன்' என்னும் ஈற்றை 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் வங்கிகள் யாவும் அதற்கு மாறவேண்டுமென ஏப்ரல் 22-இல் பணித்தது. இதனைப் பதிவுசெய்து தரும் உரிமை ஐதராபாத்திலுள்ள ஐடிஆர்பிடி நிறுவனத்திற்கு மட்டுமே உண்டு. வங்கியல்லாதார் பெற இயலாது. 'டாட் எஸ்பிஐ' எனத் தன் பெயரிலேயே ஓர் உயர்நிலைப் பெயரை வைத்திருந்த பாரத ஸ்டேட் வங்கியும் இன்று 'எஸ்பிஐ.பேங்க்.இன்' முகவரிக்கு வந்துவிட்டது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. 'பேங்க்.இன்' முகவரியில் எங்கேனும் இருந்தால் போதாது. 'எச்டிடிபிஎஸ்' என்னும் தொடக்கத்தையும் அதனை ஒட்டிய இரு சாய்கோடுகளையும் தள்ளிவிட்டு, அடுத்த சாய்கோட்டிற்குச் சற்று முன்னர் அது நிற்கிறதா என நோக்குக. 'பேங்க்-இன்.காம்' என இருப்பின் அது வேறொருவருடையது. பூட்டுக் குறியையும் நம்பவேண்டா. தகவல் மறைகுறியாக்கப்பட்டுச் செல்கிறது என்பதையே அது சொல்லும், யாரிடம் செல்கிறது என்பதையன்று.

தவறிப்போய்த் தகவல்களை அளித்துப் பணம் இழந்திருப்பின், கிளை திறக்கும்வரை காத்திராமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்திடுக. முதல் சில மணி நேரத்திற்குள் தெரிவித்தால் தொகையை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.