வட்டம் போடச் சொல்கிறாரா, பாருங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிமென்ட் ரிங்கில் இரண்டு வருஷமாக ஸ்கேட்டிங் பழகுகிறாள். 2025-ல் நம்ம ஊர் ஆனந்த்குமார் வேல்குமார் உலக சாம்பியன் ஆனதிலிருந்து கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் இன்லைன் ஸ்கேட் வாங்கி ஸ்பீடு ஸ்கேட்டிங்குக்குப் போய்விட்டார்கள். இவளோ டிவியில் ஐஸ் ஸ்கேட்டிங் பார்த்துவிட்டுச் சுற்றுகிறாள், குதிக்கிறாள். ஐஸே இல்லாத ஊரில் இது வீண் ஆசையா? சேர்ப்பதென்றால் மெடல் வாங்கிய கோச்சிடம்தான் சேர்க்க வேண்டுமா?

- ஒரு தாய், சேலையூர்

பதில்: வீண் ஆசை இல்லை அம்மா. அவள் செய்வதற்குச் சக்கரத்தில் ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் என்று பெயர். ஐஸில் குதிக்கும் ஆக்ஸல், சால்கோ, லட்ஸ் எல்லாம் அதே பெயரில் இங்கேயும் உண்டு. ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தனிப்பிரிவில் ஒரு வெண்கலம், அவனி பாஞ்சாலுடன் ஜோடியாக இன்னொரு வெண்கலம் வாங்கியது சக்கரத்தில்தான். 2015-ல் அவருக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ரோலர் போட்டியே வைக்கவில்லை. 2018 ஜகார்த்தாவில் ஆர்ட்டிஸ்டிக் இல்லை. 2023-ல் ஹாங்சோவில்தான் திரும்ப வந்தது. 13 வருஷம் என்பது ஒரு ஆட்டக்காரரின் நல்ல வயது முழுக்க. ஸ்பீடோடு ஒப்பிட்டால் இந்த வழி குறுகலானது, தெரிந்தே இறங்குங்கள்.

கோச் விஷயத்துக்கு வருகிறேன். கனடாவின் ஐஸ் ஸ்கேட்டர் பிரையன் ஆர்சர் கதையை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். 1984 சராயேவோ ஒலிம்பிக்கில் குறு ஆட்டம், நெடு ஆட்டம் இரண்டிலும் அவர்தான் முதல். ஆனாலும் தங்கம் ஸ்காட் ஹாமில்டனுக்குப் போனது. காரணம், வட்டம். அந்தக் காலத்தில் ஐஸில் ஒற்றைக்காலால் வட்டம் வட்டமாகக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு. ஆர்சர் அதில் ஏழாவது. 1987-ல் உலக சாம்பியன் ஆனார். 1988-ல் சொந்த நாட்டிலேயே, கால்கரியில், ஒன்பது நடுவர்கள் 5-4 என்று பிரிந்ததில் மறுபடி வெள்ளி.

அதே மனிதர் கோச் ஆனபின் அவரிடம் பயின்ற கிம் யூனா 2010-லும், ஹன்யூ யுசுரு 2014, 2018-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். டொரன்டோவில் அவர் பயிற்சி தந்த கிளப்பில் உலக சாம்பியன்களும் மற்றவர்களோடு சேர்ந்து வெறும் தள்ளிச் சறுக்கும் அடிப்படைப் பயிற்சி செய்தார்கள். எங்கே தோற்றார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் எனக்குப் படுகிறது. மெடலைவிட எனக்கு அது பெரிது.

அதனால் நீங்கள் சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்க்க வேண்டாம். காலை ஆறு மணி வகுப்புக்குப் போய் ஒரு ஓரமாக நில்லுங்கள். சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டு, பிள்ளையை அந்தக் கோட்டின் மேல் ஒற்றைக்காலில் ஓடவிடுகிறாரா? முதலில் உட்புறம் சாய்ந்து, அப்புறம் வெளிப்புறம் சாய்ந்து? விழுந்தால் எப்படி விழுவது என்று சொல்லித்தருகிறாரா? சேர்ந்த மாதமே ஆக்ஸல் சொல்லித்தருகிறேன் என்பவரிடம் விடாதீர்கள்.

நீளம் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் ஸ்கேட் இதற்கு உதவாது, கணுக்கால் நிற்காது. பூட் வைத்த குவாட் வேண்டும்: முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு, நுனியில் ஸ்டாப்பர். அடியில் சக்கர அச்சைப் பிடித்திருக்கும் ரப்பரை ரொம்ப முறுக்கி வைத்திருந்தால் பிள்ளை எவ்வளவு சாய்ந்தாலும் ஸ்கேட் திரும்பாது. பல பிள்ளைகள் 'எனக்கு வரவில்லை' என்று அழுவது இந்த ஒரு நட்டினால்தான். கோச்சிடம் கொடுத்துக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள்.

ஐப்பசி மழையில் ரிங்க் மூடியிருக்கும் நாட்களில் வீட்டுக் கூடத்தில் வெறுங்காலோடு குதித்து, ஒற்றைக்காலில் இறங்கி, மூன்று எண்ணும்வரை ஆடாமல் நிற்கட்டும்.