இது பரீட்சைக்கு வருமா, சென்செய்?

சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானது. மாலை வகுப்புக்கு ஒரகடத்திலிருந்தும் ஓ.எம்.ஆரிலிருந்தும் வேலை முடித்த கையோடு வந்து உட்காருகிறார்கள். ஜூலையிலோ டிசம்பரிலோ ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுத வேண்டும். என் 5 முடித்து என் 4, அதற்கப்புறம் என் 3. சான்றிதழ் கையில் இருந்தால் ஆன்சைட் போகிறவர்கள் பட்டியலில் பெயர் ஏறும். அந்தத் தேர்வில் பேசவும் வேண்டாம், ஒரு வாக்கியம் எழுதவும் வேண்டாம். சரியான விடைக்கு நேரே வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். ஆகவே, ஜப்பானிய நகராட்சி ஒன்றின் குப்பை அட்டவணையை நான் வகுப்புக்குள் எடுத்து வரும்போது முதல் வரிசையிலிருந்து அந்தக் கேள்வி எழுவதில் தப்பில்லை.

வரும் என்பதுதான் என் பதில். கீழ்நிலைத் தேர்வுகளின் கேட்டல் பகுதியில் ஒரு படம் கொடுப்பார்கள். படத்தில் ஒருவருக்கு மட்டும் அம்புக்குறி போட்டிருக்கும். அவர் இப்போது என்ன சொல்வார் என்று மூன்று விடைகளை ஒலிக்கவிடுவார்கள். பல சமயம் மூன்றிலுமே இலக்கணப் பிழை இருக்காது. யார், யாரிடம், எந்த இடத்தில் எதைச் சொல்வது வழக்கம் என்று தெரிந்தவர்தான் தப்பிப்பார்.

பல பயிற்சி நிலையங்களில் பண்பாட்டுக்கென்று ஒரு சனிக்கிழமையை ஒதுக்குகிறார்கள். யுகாத்தா உடுத்திப் படம் எடுத்துக்கொள்வது, காகிதக் கொக்கு மடிப்பது, செர்ரிப் பூ ஸ்லைடு, கடைசியில் வெள்ளரிக்காய் வைத்த சுஷி. நானும் நடத்தியிருக்கிறேன், இனிமேலும் நடத்துவேன், பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது. ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் அதன் சுவடே இருக்காது. அன்றன்றைய இலக்கணப் பாடத்துக்குள்ளேயே பண்பாடு உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க ஐந்து நிமிடம் போதும். பத்து நிமிடம் எடுத்தால் அது சொற்பொழிவாகிவிடும்.

கிழமைகளின் பெயர்களுக்குத்தான் அந்தக் குப்பை அட்டவணை. ஜப்பானில் ஒவ்வொரு நகராட்சியும் இதை வெளியிடுகிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எரியும் குப்பை பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு நாள்; பெட் பாட்டில் ஒரு நாள்; கண்ணாடி, உலோகம் வேறொரு நாள். ஞாயிறு, திங்கள் என்று ஒப்பிக்க வைப்பதற்குப் பதிலாக, “மீன் முள்ளை எந்தக் கிழமை வெளியே வைப்பீங்க? தண்ணீர் பாட்டிலை?” என்று கேட்கிறேன். பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, லேபிளை உரித்து, அலசிவிட்டு வைக்க வேண்டும் என்பது தெரிந்ததும் வகுப்பு சிரிக்கும். அங்கே வேலைக்குப் போன பழைய மாணவர்கள் மட்டும் சிரிப்பதில்லை. போன முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு அவர்கள் பேசும் முதல் பேச்சே பெரும்பாலும் குப்பையைப் பற்றித்தான்.

முதல் நாளே பார்த்துவிட வேண்டிய இன்னொன்று பெயர். ஜப்பானியப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தால், அங்கே அலுவலகம் முழுக்க அவரை அப்பா பெயரால்தான் கூப்பிடும். “முருகேசன்-சான்” என்று யாரோ அழைக்க, செந்தில் திரும்பாமலே நடந்து போவான். தவிர, கத்தகானா எழுத்தில் ‘ல’வும் இல்லை, ‘ழ’வும் இல்லை, கயல்விழி என்பது ‘கயருவிரி’ ஆகும். தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே முடிவு செய்து, அதைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளப் பழக வேண்டும். அறிமுகப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

நான் நெடுநேரம் நிற்பது ஒரு சாக்பீஸ் கோட்டின்மேல். வகுப்பறைத் தரையில் குறுக்கே ஒரு கோடு போடுவேன். இந்தப் பக்கம் நம் கம்பெனி, அந்தப் பக்கம் வாடிக்கையாளர். இந்தப் பக்கம் நிற்பவரிடம் ஒரு தொலைபேசி. அந்தப் பக்கத்திலிருந்து அழைத்து, “தனாகா-சான் இருக்கிறாரா?” என்று கேட்பார்கள். தனாகா நம் மேனேஜர். இங்கிருந்து சொல்ல வேண்டிய பதிலில் ‘சான்’ என்ற மரியாதை ஒட்டு கிடையாது. மேனேஜர் என்ற பட்டமும் பெயரோடு ஒட்டாது. வெறும் ‘தனாகா’ இப்போது இருக்கையில் இல்லை. அதுவும் பணிவு காட்டும் வினைச்சொல்லில்.

இங்கேதான் நம்மவர்களுக்கு நாக்கு எழாது.

“சென்செய், மேனேஜரைப் போய் எப்படி வெறும் பேரைச் சொல்றது?”

“வெளியே நிற்கிறவர்கிட்டதானே சொல்றீங்க?”

“இருந்தாலும்…”

நம் ஊரில் மேனேஜர் எல்லோருக்கும் சார்தான். வாடிக்கையாளரிடம் பேசினாலும், வீட்டில் மனைவியிடம் சொன்னாலும், “சார் இன்னைக்கு வரலை.” அப்பாவைப் பற்றி யாரிடம் பேசினாலும் “அவர் சொன்னார்” என்றுதான் வரும். நம் மரியாதை அந்த ஆளோடு ஒட்டிக்கொண்டு எங்கும் கூடவே போகிறது. அங்கே அதைத் தீர்மானிப்பது கோடு. வெளியாரிடம் பேசும்போது கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எல்லோரும், மேனேஜர் உட்பட, ‘நான்’ என்பதில் சேர்த்தி. தன்னைத் தானே உயர்த்திச் சொல்லக் கூடாது. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் கோடு நகர்ந்திருக்கும். இப்போது தனாகா கோட்டுக்கு அப்பால். பட்டத்தோடுதான் அழைக்க வேண்டும். இதை விளக்கிச் சொன்னால் தலையாட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். எழுந்து நின்று கோட்டைத் தாண்டித் தாண்டிப் பேச வைத்தால் காலுக்கு ஞாபகம் இருக்கும்.

அதே கோட்டை அழிக்காமல் கொடுக்கல் வாங்கல் வினைகளுக்கும் வைத்துக்கொள்கிறேன். கொடுப்பதற்கு ஜப்பானிய மொழியில் இரண்டு வினை. பொருள் என் பக்கத்திலிருந்து வெளியே போனால் ‘அகெரு’, வெளியிலிருந்து என் பக்கம் வந்தால் ‘குரெரு’. தோழி என் தங்கைக்குப் புத்தகம் கொடுத்தால், தங்கை என் பக்கம் என்பதால் ‘குரெரு’. பாடப்புத்தகங்கள் இதை அம்புக்குறிகளால் நிரப்பி மிரட்டுகின்றன. நமக்கு அவ்வளவு மிரட்சி தேவையில்லை. தொல்காப்பியம் இதைப் போன்ற ஒரு விதியை எழுதி வைத்திருக்கிறது. தருவது தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடுப்பது படர்க்கைக்கும் உரியது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவளுக்குக் கொடுத்தான். பேச்சுத் தமிழில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. மலையாளத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது, அதனால்தான் வகுப்பில் மலையாளம் பேசும் மாணவர் யாராவது இருந்தால் இந்தப் பாடத்தை அவர் சட்டென்று பிடித்துக்கொள்கிறார். இதைச் சொல்லிவிட்டு, வித்தியாசம் எங்கே என்று கேட்பேன். கொஞ்ச நேரத்தில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்: தொல்காப்பியரின் கோட்டுக்குள் நானும் நீயும் இருக்கிறோம், ஜப்பானியக் கோட்டுக்குள் நானும் என் வீட்டாரும் இருக்கிறோம், நீ வெளியே. அன்றைய இலக்கணமும் பண்பாடும் அந்த ஒரு விடையிலேயே முடிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் ஓனோ சுசுமுவின் பெயரை எடுப்பார். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று எழுதியவர் அவர். நம்மவர்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம். அந்தக் கருத்தை மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குக் கிடைத்த வசதி. ஆங்கிலத்தின் வழியே சுற்றிப் போகாமல் தமிழிலிருந்து நேரே யோசிக்கலாம். அதற்குமேல் உறவு கொண்டாட வேண்டியதில்லை. அகர வரிசையில் தெரியும் ஒற்றுமையும் அப்படித்தான்: அ இ உ எ ஒ, பிறகு க ச த ந. சமஸ்கிருத எழுத்துகளைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக அந்த வரிசை அங்கே போனது.

உம் கொட்டுவதும் நாம் மறந்துவிட்ட ஒரு சொத்து. பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவாள். ஜப்பானியரும் அப்படித்தான், எதிராளி பேசப் பேச ‘ஹை’, ‘ஏ’, ‘நருஹொதோ’ என்று இடையில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் பொறியாளர்களோ மரியாதை என்று நினைத்து, அவர் முடிக்கும்வரை மௌனமாக இருப்பார்கள். மறுமுனையில் இருப்பவர் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ‘மொஷி மொஷி?’ என்பார். இதற்கு நான் செய்வது: இருவரை முதுகோடு முதுகாக உட்கார வைத்து, முதலில் தமிழிலேயே ஒருவர் கதை சொல்ல மற்றவர் உம் கொட்ட வேண்டும். பிறகு அதே கதை ஜப்பானிய மொழியில். வீடியோ அழைப்பில் பேசுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பக்கவாட்டில் தலையாட்டாதீர்கள். நமக்கு அது ‘சரி’. அவர்களுக்கு ‘இல்லை’ போலத் தெரியும். அவர்களுடைய ‘ஹை’யும் எல்லா நேரமும் சம்மதம் ஆகாது. காதில் விழுந்தது என்பதற்கும் அதுதான்.

எண்கள் பாடத்தில் நமக்கு ஒரு சலுகை உண்டு. அவர்கள் பத்தாயிரத்தை ‘மான்’ என்று எண்ணுகிறார்கள். ஒரு லட்சம் பத்து மான், ஒரு கோடி ஆயிரம் மான். மில்லியனுக்குப் போய்த் திரும்பி வராதீர்கள். இந்தப் பாடத்துக்கு நான் எடுத்து வருவது மொய்க் கவர். கல்யாணத்துக்கு நாம் 501, 1,001 என்று வைக்கிறோம். நண்பர் கல்யாணத்துக்கு அங்கே 30,000 யென் வைப்பது பரவலான வழக்கம். இரண்டாகப் பிரியும் தொகையைத் தவிர்ப்பார்கள், தாள்கள் புத்தம் புதிதாக இருக்க வேண்டும். சாவு வீட்டுக்கு நேர்மாறு: புழங்கிய தாளாக இருக்க வேண்டும், புதுத்தாள் என்றால் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தது போலாகிவிடும். மதுரைப் பக்கத்து மாணவர்கள் உடனே மொய் நோட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். பேசட்டும், ஜப்பானிய மொழியில் பேசினால் சரி.

தாளைப் பற்றிப் பேசும்போது ஒரு சின்னப் பெருமையையும் சேர்த்துக்கொள்வேன். 2024 ஜூலையில் வந்த புதிய 5,000 யென் தாளில் இருப்பவர் த்சுதா உமெகோ. 1871இல் ஆறு வயதில் அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப்பட்டு, 1882இல் ஊர் திரும்பியபோது தாய்மொழியையே மறந்துபோயிருந்தவர். 1900இல் பெண்களுக்காக ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். மொழி வாத்தியார் முகம் பணத்தாளில் வருவதெல்லாம் எங்கே நடக்கிறது!

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ‘முடியும், முடியாது’ பாடத்தில் சைவக்காரர்கள் “இறைச்சி சாப்பிட மாட்டேன்” என்று மட்டும் சொல்லப் பழகினால் ஆபத்து. மீன் வரும், ஹாம் தூவி வரும். ஒன்றுமே தெரியாத நூடுல்ஸ் குழம்பிலும் மீனிலிருந்து எடுத்த தாஷி இருக்கும். மீன், கோழி, தாஷி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்கக் கற்றுக்கொடுங்கள். ராமென் கடையில் போய் நின்று கேட்பதுபோல நடித்துப் பார்க்கட்டும்.

கட்டளை வினையை, “முரட்டுத்தனமானது, பயன்படுத்தாதீர்கள்” என்று சொல்லிக் கடந்துவிடுவது ஆசிரியர்களின் வழக்கம். நான் கடப்பதில்லை. 1995 ஜனவரி 17 அன்று கோபே பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, அங்கிருந்த வெளிநாட்டவர் பலருக்கு அறிவிப்புகளின் கடினமான சொற்கள் புரியவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் ‘யசாஷீ நிஹொங்கோ’ எனப்படும் எளிய ஜப்பானிய மொழி. பேரிடர் அறிவிப்புகளில், வெளியேறிப் பாதுகாப்பிடம் சேருங்கள் என்ற கனத்த சொல்லுக்குப் பதிலாக, ஓடு, தப்பி ஓடு என்ற சாதாரணச் சொல். அந்த நேரத்தில் யாரும் மரியாதை வடிவம் தேடமாட்டார்கள், தேடவும் கூடாது. சுனாமி வந்த 2004 டிசம்பரில் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைய பயிற்சியை மட்டும் நான் விளையாட்டாக்குவதில்லை.

ஒரு வாக்கியத்துக்கு என் வகுப்பில் தடை: “ஜப்பானியர்கள் எப்போதுமே இப்படித்தான்.” சொன்னவர் எழுந்து எதிர்மாறான ஓர் உதாரணம் தேட வேண்டும். மின்படிக்கட்டு இதற்கு நல்ல கருவி. தோக்கியோவில் இடது பக்கம் நின்று வலது பக்கத்தை நடப்பவர்களுக்கு விடுவார்கள். ஒசாகாவில் வலது பக்கம் நிற்பார்கள். இரண்டும் வேண்டாம், நின்றபடியே போங்கள் என்று ரயில் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகக் கெஞ்சிவருகின்றன. சைதாமா மாகாணம் 2021 அக்டோபரிலிருந்து விதியே கொண்டுவந்தது, 2023 அக்டோபரில் நகோயாவும். விதி வந்த பிறகும் நடப்பவர்கள் நடக்கிறார்கள். ‘செய்யாதீர்கள்’ வடிவம் நடத்தும் நாளில் அந்த அறிவிப்புப் பலகைகளின் படங்களைச் சுவரில் ஒட்டிவைத்து, எதில் வேண்டுகோள், எதில் எச்சரிக்கை என்று பிரிக்கச் சொல்கிறேன்.

படங்களில் பாதி எனக்கு வாட்ஸ்அப்பில் வருபவை. அங்கே போன மாணவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: புரியாத பலகை, துண்டறிக்கை, ரசீது எதைக் கண்டாலும் படமெடுத்து அனுப்புங்கள், மனிதர் முகம் மட்டும் வேண்டாம். மாலையில் பாதி விலை ஒட்டிய சூப்பர் மார்க்கெட் டப்பா, வாடகை வீட்டின் சத்தம் போடக்கூடாத நேரங்கள், அலுவலகச் சமையலறையில் யாரோ எழுதி வைத்த ‘கப்பைக் கழுவவும்’. கடைசியாக வந்தது ஒரு பல் மருத்துவமனையின் முதல்முறைப் படிவம். பிறந்த ஆண்டைச் சக்கரவர்த்தி ஆண்டில் கேட்கிறது, ஷோவாவா ஹெய்செயா என்று. என் 5 வகுப்பில் 1998இல் பிறந்தவர்கள் நிறையப் பேர். ஹெய்செய் 10 என்று கணக்குப் போட வைக்கப்போகிறேன்.