பரிசோதனைப் பட்டியல் நீண்டால் ஆயுள் நீளுமா?

நாளிதழைப் பிரித்தாலும் கைபேசியைத் திறந்தாலும் முழு உடல் பரிசோதனை விளம்பரம் கண்ணில் படாத வாரம் இல்லை. ‘60 டெஸ்ட்’, ‘80 டெஸ்ட்’, ‘வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம்’, ‘தம்பதியருக்குச் சலுகை’. இந்த 60-ம் 80-ம் எப்படி வருகின்றன என்று பாருங்கள். ரத்த அணுக்களைப் பார்க்கும் ஒரே பரிசோதனையை ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு என்று பிரித்து இருபது வரை எண்ணிக்கொள்வார்கள். கொழுப்புப் பரிசோதனை ஏழெட்டாகும். சிறுநீர்ப் பரிசோதனை ஒரு டஜனாகும். ஆனால் நாற்பது வயதுக்காரருக்கு முதலில் பார்க்க வேண்டிய ரத்த அழுத்தம், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் பேக்கேஜ்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் இல்லை. பெண்களுக்கான கருப்பைவாய்ப் பரிசோதனையும் இல்லை.

நம் வீடுகளில் டெஸ்ட் என்றாலே வேண்டாம் என்று எழுந்து போகும் பெரியவர்களும் உண்டு, வருடா வருடம் பெரிய பேக்கேஜாகப் பார்த்து எடுக்கும் இளையவர்களும் உண்டு. இரு தரப்பும் நம்பிக்கொண்டிருக்கும் சிலவற்றைச் சரிபார்க்கலாம்.

“எனக்கு ஒண்ணும் செய்யலையே, எதுக்கு டெஸ்ட்?”

தலை சுற்றினால் பிரஷர், பிடரி வலித்தால் பிரஷர், கோபம் வந்தால் பிரஷர் என்ற கணக்கு இன்னும் நம்மிடம் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாது. 160-ஐத் தாண்டிய அழுத்தத்தோடு வயல் வேலை பார்ப்பவர்களும் பேருந்து ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. அந்த ‘ஒன்றும் செய்யாத’ ஆண்டுகளில்தான் இதயத்தின் தசை தடிக்கிறது, சிறுநீரகம் கெடுகிறது, மூளையின் ரத்தக்குழாய்கள் பழுதாகின்றன.

சர்க்கரை நோயும் அப்படித்தான். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், காரணமில்லாத மெலிவு எல்லாம் சர்க்கரை வெகுவாக ஏறிய பிறகே தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது கணக்கிட்டது. ‘நான் ஒல்லிதான், எனக்கு வராது’ என்பதையும் விட்டுவிடுங்கள். கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்னே தள்ளியும் இருக்கும் நம் உடல்வாகு ஆபத்தானது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டினால் கவனம் தேவை. இதை அளக்கத் தையல்காரரின் டேப் போதும்.

அதனால்தான் அரசின் தொற்றாநோய்த் திட்டம் 30 வயதையே தொடக்கமாக வைத்திருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பைவாய் என்று ஐந்தே ஐந்தைத்தான் அது பார்க்கச் சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பிரஷர் பார்க்கும் விதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். படியேறி வந்த மூச்சோடு, டோக்கன் வாங்கிய பதற்றத்தோடு, பேசிக்கொண்டே பார்த்த அளவை நம்ப முடியாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி குடித்திருக்கக் கூடாது. சிறுநீரை அடக்கியிருக்கவும் கூடாது. மிக அதிகமாக இருந்தால் தவிர, ஒரு நாள் கூடுதலாகக் காட்டியதை வைத்தே நோயென்று முடிவு கட்ட மாட்டார்கள். வேறு நாள்களிலும் பார்த்து 140/90-க்கு மேலேயே நின்றால்தான் அது உயர் ரத்த அழுத்தம்.

“எவ்வளவு டெஸ்ட் எடுக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு”

அதிகம் படித்தவர்களிடமும் வசதியுள்ளவர்களிடமும் ஆழமாக வேரோடியிருக்கும் நம்பிக்கை இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

லேப் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ஓர் ‘இயல்பு அளவு’ அச்சாகியிருக்கும். ஆரோக்கியமான பலரைச் சோதித்து, அவர்களில் நூற்றுக்கு 95 பேர் எந்த எல்லைக்குள் வருகிறார்களோ அதைத்தான் பெரும்பாலான பரிசோதனைகளில் இயல்பு என்று குறிக்கிறார்கள். மீதி ஐந்து பேரும் நோயில்லாதவர்கள்தான், ஆனால் அவர்களது எண் தடித்த எழுத்தில் வரும். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை ஒருவருக்குச் செய்தால், எந்த நோயும் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டிக் காட்டுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். பரிசோதனை கூடக் கூட இது இன்னும் ஏறும். அந்த ஒரு தடித்த எண்ணைத் துரத்திக்கொண்டு மறு டெஸ்ட், ஸ்கேன், பெரிய மருத்துவர் என்று குடும்பமே அலையும்.

பேக்கேஜ்களில் சேர்க்கப்படும் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கான குறியீடு அது. மாதவிலக்கின்போதும், கர்ப்பத்தின்போதும், எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும், கல்லீரல் கெட்டிருந்தாலும்கூட அது உயரும். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வின் இறுதி முடிவு 2021-ல் வந்தது. இந்தப் பரிசோதனையை முறையாகச் செய்தும், சினைப்பைப் புற்றுநோயால் ஏற்படும் மரணங்கள் குறையவில்லை.

தென்கொரியாவின் கதை இன்னும் கனமானது. 1999-ல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. பட்டியலில் தைராய்டு இல்லை. ஆனால் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம் என்று மருத்துவமனைகள் சொல்ல, மக்கள் குவிந்தார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கானது. அந்த ஓராண்டில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. தைராய்டு புற்றுநோயால் இறப்பவர் எண்ணிக்கையோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோரின் தைராய்டு சுரப்பி அகற்றப்பட்டது. அவர்கள் தினமும் மாத்திரை எடுக்க வேண்டியவர்கள் ஆனார்கள். சிலருக்குக் குரல் நாண் செயலிழந்தது. 2014-ல் அங்கிருந்த மருத்துவர்களே ஒன்று சேர்ந்து எதிர்த்துப் பேசிய பிறகு அறுவைச் சிகிச்சைகள் வெகுவாகக் குறைந்தன.

உடனே, ‘அப்படியானால் பரிசோதனையே வீண்’ என்ற எதிர்முனைக்கும் போய்விடக் கூடாது. பொதுவான உடல் பரிசோதனைகளைப் பற்றி காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பு 2019-ல் புதுப்பிக்கப்பட்டது. இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற ஆய்வுகளை அலசி, இவற்றால் மரணம் குறையவில்லை என்று அது சொன்னது. அந்த ஆய்வுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கே குடும்ப மருத்துவர் வேறு எதற்காகவோ வருபவருக்கும் பிரஷரைப் பார்த்துவிடுவார். ஐம்பது வயது வரை ஒருமுறைகூட பிரஷர் பார்க்காதவர்கள் வாழும் நம் ஊர்களுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பட்டியலின் நீளம் உயிரைக் காப்பதில்லை என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

“குழந்தை பெத்து முடிச்சாச்சு, எனக்கெதுக்கு அந்தப் பரிசோதனை?”

எது உயிரைக் காக்கும் என்பதற்கு உலகம் மேற்கோள் காட்டும் சான்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 2000-ல் அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள சமுதாய மருத்துவ மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து நடத்தின. பரிசோதனைக்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற செவிலியர், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார். மாறுதல் அடைந்த செல்கள் இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். தெரிந்தவர்களுக்கு, முடிந்தவரை அன்றைக்கே, அதே இடத்திலேயே அந்தப் பகுதியை உறையவைத்து நீக்கும் சிகிச்சையையும் அளித்தார்கள்.

முடிவு 2007-ல் லான்செட் இதழில் வெளியானது. பரிசோதனை கிடைத்த பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. முப்பதுகளில் இருந்த பெண்களுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

இந்தப் புற்றுநோயை உண்டாக்குவது எச்பிவி என்ற வைரஸ். உடலுக்குள் வந்த பெரும்பாலான எச்பிவி தானே போய்விடும். போகாமல் தங்கியது புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இருபதுகளில் தொற்றியது நாற்பதுகளில் வெளிப்படுகிறது. குழந்தை பெற்று முடித்தபின், குடும்பக் கட்டுப்பாடு செய்தபின், கணவர் இறந்தபின் ஆபத்தும் முடிந்துவிட்டது என்று நினைப்பது அதனால்தான் தவறு. வெள்ளைப்படுதலோ ரத்தக் கசிவோ வந்த பிறகு செய்வது முன்கூட்டிய பரிசோதனை ஆகாது. அப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அமிலத்தைத் தடவிப் பார்ப்பதைவிட எச்பிவி பரிசோதனை நம்பகமானது. உலக சுகாதார நிறுவனம் 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது.

இவ்வளவும் நம் மண்ணிலேயே நிரூபிக்கப்பட்டும், 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்ட பெண்கள் பத்தில் ஒருவர்தான். இந்திய அளவில் நூற்றில் இரண்டு பேர்கூட இல்லை. வீட்டில் பேக்கேஜ் டெஸ்டுக்கு முன்பதிவு செய்யும் ஆண்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். அம்மாவுக்கும் மனைவிக்கும் வைட்டமின் டி பார்க்கக் கொடுக்கும் பணத்துக்குப் பதில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலை நேரத்தைச் செலவிட அவர்களை வீட்டு வேலையிலிருந்து விடுவியுங்கள். கூச்சம் இருக்கத்தான் செய்யும். பார்ப்பவர் பெண் செவிலியர் என்பதையும், சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதையும் முன்பே சொல்லிவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

“வெத்தலை பாக்குதானே, சிகரெட்டா பிடிக்கிறேன்?”

பாக்கே புற்றுநோயை உண்டாக்கும், புகையிலை சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களின் வாயை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் அவ்வப்போது பார்த்துவந்தாலே அவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறையும் என்று திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வு 2005-ல் காட்டியது. தேவைப்பட்டவை ஒரு டார்ச் லைட்டும் தேர்ந்த கண்ணும் மட்டுமே. மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் தாங்காத எரிச்சல், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

“போன மாசம்தான் எல்லாம் பார்த்தேன், இது கேஸ் வலிதான்”

இந்த நம்பிக்கை உயிரையே எடுத்துவிடும். ஈசிஜி, அதை எடுத்த அந்தச் சில நொடிகளின் பதிவு. டிரெட்மில் பரிசோதனை, ரத்தக்குழாய் நன்றாகக் குறுகியிருந்தால்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். மாரடைப்போ, அதிகம் அடைக்காத ஒரு கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதாலும் வரும். அதனால், நார்மல் ரிப்போர்ட் பையில் இருக்கும்போதே மாரடைப்பு வரலாம். நெஞ்சை அழுத்தும் வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுதல் என்றால் பழைய ரிப்போர்ட்டைத் தேட வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

“மூணு மாச சராசரி நார்மல், அப்புறம் என்ன?”

வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு முன் இரண்டு நாள் இனிப்பைத் தவிர்த்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. எச்பிஏ1சி என்னும் மூன்று மாத சராசரி அதற்கு இடம் தராது. அதற்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. அது சிவப்பணுக்களை நம்பிய கணக்கு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம், ரத்தப்போக்குக்குப் பின் குறைத்துக் காட்டலாம். ரத்தசோகை இவ்வளவு பரவலாக உள்ள நம் பெண்களுக்கு ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

“மாத்திரை ஆரம்பிச்சா விடவே முடியாது, தெரியாம இருக்கிறதே நல்லது”

மாத்திரையைத் தள்ளிப்போட்டவர்கள் பிறகு டயாலிசிஸ் படுக்கையில் வாரம் மூன்று நாள் கிடப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆரம்பத்திலேயே தெரிந்து, எடையைக் குறைத்து, உப்பைக் குறைத்து, நடந்து, மாத்திரை தேவைப்படாமலேயே சமாளிப்பவர்களும் உண்டு. தாமதமாகத் தெரிந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த மாநில அளவிலான ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் சுமார் 7 சதவீதமே. சர்க்கரையில் 11 சதவீதம். பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் ஏராளம். மருந்து தீர்ந்த அன்றே அடுத்த சீட்டு கைக்கு வராவிட்டால் கூலி வேலைக்காரர் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வர மாட்டார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுபோனது இந்த ஓட்டையை அடைக்கத்தான். அதில் மாத்திரை வாங்குபவர்கள், வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை விழித்திரைப் படம், பாதத்தின் உணர்ச்சி, கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகிய நான்கையும் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். பார்வை தெளிவாகத்தானே இருக்கிறது என்று விழித்திரைப் படத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.