ஏரியை வடித்து வயலாக்கலாமா?

கோடையில் ஏரி வற்றியதும் அதன் உட்புறத்து மண்ணைப் பார்க்கும் உழவருக்கு ஆசை எழுவது இயல்பு. பல ஆண்டுகளாகப் படிந்த வண்டல் அது. எரு அதிகம் கேட்காது. "சும்மா கிடக்கும் இடத்தில் ஒரு போகம் எடுத்தால் என்ன?" என்று தோன்றும். ஆனால் இதில் வரவை மட்டும் பார்த்தால் போதாது. செலவையும் கணக்கிட வேண்டும்.

புதுச்சேரி ஏரிகள்

புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் உண்டு. அவற்றில் பெரியவை ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும். ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே வருகிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை ஆற்றின் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொண்டு வருகிறது.

பிரெஞ்சு ஆட்சியில் ஆயக்கட்டு உழவர்கள் பொது நிதி சேர்த்து ஏரி, வாய்க்கால் பராமரிப்பில் பங்கு கொண்டனர். பிற்காலத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. மோட்டார் நீர் கிடைத்ததும் ஏரியின் மேல் இருந்த அக்கறை குறைந்தது. வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன, ஆக்கிரமிப்புகள் முளைத்தன. நிலத்தடி நீர் இறங்க, கடலோரக் கிணறுகள் சிலவற்றில் உப்பு ஏறியது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கி, ஏரி நீர்ப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன.

ஏரி எப்படி மறைகிறது?

எந்த ஏரியும் ஒரே நாளில் வயலாவதில்லை. முதலில் ஓரத்தில் நாலு பாத்தி கீரை, அடுத்த ஆண்டு எள் அல்லது நெல் என்று பயிர் உள்ளே நகரும். ஏரிக்குள் விதைத்தவர் ஏரி நிரம்புவதை விரும்ப மாட்டார். நீர் சீக்கிரம் வடிய வேண்டும் என்று மதகைத் திறந்து விடுவார். கலங்கலைத் தாழ்த்தச் சொல்வார். கீழே உள்ள ஆயக்கட்டுக்காரருக்கோ ஏரி நிரம்பினால்தான் பிழைப்பு. ஒரே ஊரில் இரு தரப்பாகச் சண்டை வருவது இதனால்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஏரியில் ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் நின்றால் சுமார் 40 லட்சம் லிட்டர் நீர். ஆவியாவது, கசிவது போக மீதி பாசனத்துக்கு வரும். கசிந்த நீரும் வீணல்ல. அது கிணறுகளுக்குப் போகிறது. ஒரு ஏக்கர் நெல்லுக்கு மழை நீர் உட்பட சுமார் 48 லட்சம் லிட்டர் தேவை. நிலக்கடலைக்கு அதில் பாதிக்கும் குறைவே போதும். பருவ மழையில் ஏரி இரண்டு முறை நிரம்பினால் பயன் இரட்டிப்பாகும். ஆகவே ஏரிக்குள் ஒரு ஏக்கர் சேர்க்கும்போது, கரைக்கு வெளியே ஏறக்குறைய ஒரு ஏக்கர் நெல்லின் நீரை இழக்கிறோம். உள்ளே விளைவது ஒருவருக்கு, நட்டம் பலருக்கு.

குட்டநாட்டின் அனுபவம்

நீர்நிலையை வடித்து நிலமாக்கியதற்கு நம் நாட்டில் பெரிய உதாரணம் கேரளத்தின் குட்டநாடு. அங்கே வேம்பநாட்டுக் காயலுக்குள் மூங்கிலும் சேறும் கொண்டு கரை எழுப்பி, உள்ளிருந்த நீரை இறைத்து வயலாக்கினர். 1940-களில் உணவுத் தட்டுப்பாடு நிலவியபோது ஜோசப் முரிக்கன் என்பவர் சித்திரா, மார்த்தாண்டம், ராணி ஆகிய காயல் நிலங்களை இவ்வாறு உருவாக்கினார். அரிசி விளைந்தது உண்மை. ஆனால் நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் போகந்தோறும் நீரை இறைக்க வேண்டும். கரை உடைந்தால் பயிர் மூழ்கும். அந்த மூன்று நிலங்களும் பின்னர் நீண்ட காலம் தரிசாகக் கிடந்தன. காயல் சுருங்கியதால் வெள்ள நீர் தங்கும் இடமும் குறைந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடு மூழ்கியது.

வண்டலை வயலுக்குக் கொண்டு வருக

ஏரியின் வளத்தைப் பெற ஏரியை அழிக்க வேண்டியதில்லை. அதிகாரிகளிடம் அனுமதி பெற்று, கோடையில் வண்டலை அள்ளி வயலில் பரப்பலாம். மணற்பாங்கான நிலத்தில் இது ஈரத்தைப் பிடித்து வைக்கும். அள்ளும்போது கவனிக்க வேண்டியவை:

1. கரையின் அடியிலும் மதகின் அருகிலும் வெட்டக் கூடாது. கரை பலவீனப்படும்.

2. வண்டல் தீர்ந்து கீழ்மண் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். களிப் படிவத்தை உடைத்து மணல் வரை தோண்டினால் ஏரியில் நீர் நிற்காது.

3. கடலோரப் பகுதியில் வண்டலில் உப்பு உண்டா என்று மண் பரிசோதனை செய்த பின்பே இட வேண்டும்.

4. வண்டலைக் குவித்து விடாமல் சமமாகப் பரப்பி, மழைக்கு முன் உழ வேண்டும்.

இப்படிச் செய்தால் வயலுக்கு வளமும் ஏரிக்கு ஆழமும் ஒருங்கே கிடைக்கும். ஏரிக்குள் ஏர் பூட்டுவதை விட இதுவே உழவர்களுக்கு நிலையான லாபம்.