அலமாரியில் ஆறு வருஷம் கிடந்த பனி ஜாக்கெட்

கேள்வி: என் மகள் வரும் பிப்ரவரியில் குல்மார்க் போகிறாள். ஒரு வாரம் பனிச்சறுக்குப் பயிற்சி. கனடாவில் இருக்கும் என் அண்ணன் ஆறு வருஷத்துக்கு முன்பு வந்தபோது விட்டுப்போன ஸ்கீ ஜாக்கெட் ஒன்று, பிளாஸ்டிக் கவருக்குள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. உள்ளே 10,000 / 10,000 என்று ஒரு சீட்டு தைத்திருக்கிறது. பார்க்கப் புதிது போலத்தான் தெரிகிறது. மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்கும் இந்த ஊரில், அது குளிரும் ஈரமும் தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது?
- ஒரு வாசகி, கரமனை, திருவனந்தபுரம்

பதில்: கவரைப் பிரித்ததும் முதல் காரியமாக ஜாக்கெட்டை மோந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் கெட்ட சேதி. இந்த வகை ஜாக்கெட்டுகள் பலவற்றில் மேல்துணியின் உட்புறம் பாலியூரித்தேன் பூச்சு ஒன்று இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அந்தப் பூச்சுதான், துணி அல்ல. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது கொஞ்சங்கொஞ்சமாகச் சிதையும். மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது நம் ஊரில் சாதாரணம். பிளாஸ்டிக் கவர் பாதுகாப்பு என்று நினைத்திருப்பீர்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதுதான் மிச்சம்.

அடுத்து தொட்டுப் பாருங்கள். பாக்கெட்டின் உட்புறம், தலைமூடியின் மடிப்பு, இடுப்பில் பனி நுழையாமல் தடுக்கும் உள்பட்டை என்று லைனிங் மறைக்காத இடங்களில் விரலை ஓட்டுங்கள். பிசுபிசுக்கிறதா? பொடுகு போல வெள்ளைச் செதில் உதிர்கிறதா? தையல் மேல் ஒட்டிய டேப்பின் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறதா? நானும் ஒருமுறை இதையெல்லாம் பார்க்காமல் அலமாரி ஜாக்கெட்டோடு ஔலிக்குப் போனவன்தான். முதல் நாள் மாலை அறைக்கு வந்து கழற்றினால், கறுப்பு ஸ்வெட்டர் முழுக்க வெள்ளைச் செதில். பூச்சு உதிர்ந்துவிட்டால் எந்த ஸ்பிரேயும் அதைத் திரும்பக் கொண்டுவராது. உங்கள் ஜாக்கெட்டும் அப்படி என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். ஒரு வாரப் பயிற்சிக்காகப் புதிது வாங்கவும் வேண்டாம். குல்மார்க்கில் வாடகைக்கே கிடைக்கும்.

தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அந்தச் சீட்டு. முதல் 10,000 என்பது மில்லிமீட்டர் கணக்கு. துணிமேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் உண்டாகும் அழுத்தம்வரை ஒழுகாது என்று பொருள். அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. மழைத்துளிக்கு இது மிக அதிகம். ஆனால் பனியில் முழங்கையோ இடுப்போ ஊன்றி விழும்போது, அந்தச் சின்ன இடத்தில் உடம்பின் பாரமெல்லாம் இறங்கும். புதிதாகக் கற்பவர்கள் நிற்பதைவிட விழுந்து கிடப்பதுதான் அதிகம்! ஆனாலும் கற்றுக்கொள்ளும் ஒரு வாரத்துக்கு 10,000 போதும் என்பது என் கட்சி.

இரண்டாவது 10,000, ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் துணி வழியாக எத்தனை கிராம் வியர்வை ஆவி வெளியேறும் என்பது. இதை மட்டும் திருவனந்தபுரத்தில் சோதிக்க முடியாது. உள்ளே ஈரம் அதிகமாக, வெளியே குறைவாக இருந்தால்தான் ஆவி வெளியே நகரும். குல்மார்க்கின் குளிர்காற்றில் ஈரம் மிகக் குறைவு. நம் ஊரிலோ வெளியேயும் அதே புழுக்கம். போட்டதும் வியர்த்து ஊற்றினால் ஜாக்கெட்டைத் திட்டாதீர்கள்.

தண்ணீர்ச் சோதனைக்கு நம் ஊரை மிஞ்ச ஊர் கிடையாது. முதலில் ஒரு மக் தண்ணீரைத் தோளில் ஊற்றுங்கள். சேம்பிலையில் உருளுவது போல முத்து முத்தாக ஓடினால் நல்லது. துணி கறுத்து நனைந்தால், மேலே பூசியிருந்த நீர்விலக்கி மருந்து போய்விட்டது. உடனே ஒழுகாது; ஆனால் மேல்துணி ஈரத்தில் ஊறிக் கனத்துவிடும், ஆவி போக வழி அடையும், உள்ளே வியர்வை நின்று குளிரும். இதற்கு வைத்தியம் உண்டு. கொஞ்சம் லிக்விட் சோப்பில் அலசி, சோப்பு துளியும் தங்காமல் இரண்டு மூன்று தரம் நீரில் முக்கி எடுங்கள். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் கூடவே கூடாது. காய்ந்தபின், சீட்டில் இஸ்திரிக்கு அனுமதி இருந்தால், மேலே ஒரு துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேயுங்கள். அப்படியும் முத்து உருளாவிட்டால் நீர்விலக்கி ஸ்பிரே வாங்கி அடிக்கலாம்.

இப்போது மகளைச் சாம்பல் நிறப் பருத்தி டி-ஷர்ட் போடச் சொல்லி, அதன்மேல் ஜாக்கெட்டை மாட்டி, மழை பெய்யும்போது ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்காரவைத்துக் கால் மணி நேரம் சுற்றி வாருங்கள். குளியலறை ஷவர் நேராக விழும். காற்றோடு சாய்ந்து வந்து கழுத்திலும் ஜிப்பிலும் அறையும் தண்ணீர்தான் உண்மையான பரீட்சை. இடி மின்னல் இருந்தால் மட்டும் வேண்டாம். வீட்டுக்கு வந்து டி-ஷர்ட்டைப் பாருங்கள். முதுகும் அக்குளும் பரவலாக நனைந்திருந்தால் அது வியர்வை. தோள் தையலை ஒட்டிக் கோடாகவோ, ஜிப்புக்கு நேராகப் பட்டையாகவோ ஈரம் இருந்தால் அது ஒழுகல். இன்னொன்றும் செய்யலாம். சொட்டச் சொட்ட நனைத்த துண்டை நாற்காலியில் விரித்து, அதன்மேல் ஜாக்கெட்டின் பின்பக்கம், அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் மகள். பத்து நிமிஷம் உட்காரட்டும். தாள் காய்ந்திருந்தால் பாஸ்.

குளிருக்கு வருவோம். பொன்முடிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று நினைப்பீர்கள். அது சுமார் 1,100 மீட்டர் உயரம், சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். மீன் அல்லது ஐஸ்கிரீம் குளிர்கிடங்கில் தெரிந்தவர் இருந்தால், அங்கே -18 டிகிரி கிடைக்கும். துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்கலாம். ஆனால் என்னைக் கேட்டால் அது வேடிக்கைதான். குளிரைத் தாங்குவது ஜாக்கெட் ஒன்று மட்டும் அல்ல, அதற்குள் போடும் அடுக்குகளும்தான். -10 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடித்தால், உடம்புக்கு அது -21 போலத் தைக்கும். அங்கே ஜாக்கெட்டின் வேலை காற்றையும் ஈரத்தையும் நிறுத்துவது. சூட்டைப் பிடித்துவைக்க அதற்குள் ஒரு ஃப்ளீஸ், அதற்கும் உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் வேண்டும். பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு, சறுக்கி முடித்து நிற்கும்போது நடுங்கவைக்கும்.

ஆகவே இந்த அடுக்குகளையெல்லாம் போட்டு, ஏசி அறையில் ஒத்திகை பாருங்கள். கையைத் தூக்கினால் ஜாக்கெட் இடுப்புக்கு மேல் ஏறக் கூடாது. குந்தி எழுந்தால் தோளில் பிடிக்கக் கூடாது. கையில் தடித்த சாக்ஸை மாட்டிக்கொண்டு ஜிப்பை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். அங்கே கையுறையைக் கழற்றாமல் செய்ய வேண்டிய வேலை அது.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் அஃபர்வத் மலைக்குக் கொண்டுபோகும். முதல் வாரம் கற்பவர்களுக்குக் கீழே உள்ள சரிவுகளே போதும். உங்கள் ஜாக்கெட் பரீட்சையில் தேறினால் அங்கே தாராளமாகத் தாங்கும். துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை, டிசம்பரில் ஓய்ந்துவிடும். ஸ்கூட்டர் சோதனைக்கு மழை வேண்டும். இந்த வாரமே முடித்துவிடுங்கள்.