புற்றுநோய்ச் சோதனையும் கணிப்பொறியும்

திருமுதுகுன்றம் எனப் பண்டு வழங்கிய விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலால் பெயர்பெற்று விளங்குகின்றது. பீங்கான் தொழிலில் தேர்ந்தோரிடம் நல்லதொரு வழக்கம் உண்டு. புதிய மெருகுக் கலவை ஒன்று பிறவூரில் எத்துணை அழகாக அமைந்திருப்பினும், முதற்கண் அதனைச் சிறு வில்லையொன்றிற் பூசித் தம் சூளையிலேயே சுட்டுப் பார்ப்பர். மண்ணும் வெப்பமும் மாறின் மெருகு விரிசல் காணுமன்றோ? மருத்துவத்தில் இப்பொழுது புகுந்துவரும் புதுமை யொன்றை ஆராய்வதற்கும் இவ்வழக்கமே நமக்குத் துணையாகும்.

புற்றுநோயைப் பெரும்பாலும் உறுதி செய்வது திசுச் சோதனையே. ஐயத்திற்குரிய இடத்தினின்று எடுத்த தசைத்துணுக்கை மெழுகிற் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 250-இல் ஒரு பங்கு கனமாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றுவர். ஹிமட்டாக்ஸிலின் என்னும் சாயம் உயிரணுவின் உட்கருவை நீலமாகவும், இயோசின் ஏனைய பகுதிகளை இளஞ்சிவப்பாகவும் காட்டும். நிபுணர் அதனை நுண்ணோக்கியிற் கண்டு முடிவெழுதுவர். உள்ள நோயை இலதென்று எழுதின் உயிர் போம். இல்லாததை உளதென்று எழுதின் வீணே உறுப்பிழப்பு நேரும்.

பீங்கான் தொழிலாளர்க்கு இஃது அயலார் செய்தியன்று. படிகச் சிலிக்காத் தூசியைத் தொழிலிடத்தில் நெடுங்காலம் சுவாசித்தல் நுரையீரற் புற்றுநோய்க்கு ஏதுவாகும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-ஆம் ஆண்டிலேயே தெளிவுறுத்தியுள்ளது.

இனிக் கணிப்பொறியின் செயலைக் காண்போம். தகடு முழுவதையும் நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாலான படமாக்கி, சிறு கட்டங்களாகப் பகுத்துப் பொறிக்கு அளிப்பர். நிபுணர் முன்னரே குறித்துவைத்த படங்களைக் கண்டு கண்டு அது நோயின் சாயலை அறியப் பழகும். நெதர்லாந்து தேசத்து இரு மருத்துவமனைகளின் 270 படங்களாற் பயின்ற கணிமுறைகள் வேறு 129 படங்களிற் சோதிக்கப்பெற்றன. மார்பகப் புற்றுநோய் நிணநீர்க் கணுக்களிற் பரவியுளதா என்பதே வினா. 2017-இல் முடிவு வெளிவந்தது. காலவரையறைக்கு உட்பட்டு நோக்கிய 11 நிபுணரினும் தலைசிறந்த கணிமுறை மேம்பட்டு நின்றது. ஆயினும் வரையறையின்றி அமைதியாக நோக்கிய நிபுணர் ஒருவர் அதற்கு ஏறக்குறைய நிகராயினார். அவர்க்குச் சுமார் 30 மணி நேரம் வேண்டியிருந்தது. பொறியின் பெருஞ்சிறப்பு களைப்பின்மையும் விரைவும் என்பது இதனாற் புலனாகும்.

அற்றேல், அதனை இன்றே எங்கும் ஏற்கலாகாதோ எனின், ஈண்டுச் சூளையை நினைத்தல் வேண்டும். சாயத்தின் செறிவும், சீவலின் கனமும், படமெடுக்கும் கருவியும் மருத்துவமனைதோறும் வேறுபடும். ஓரிடத்துப் படங்களிற் பழகிய பொறி பிறிதோரிடத்து நிறங்கண்டு தடுமாறக் கூடும். ஆதலின் முதலாவது, நம் நாட்டு நோயாளரின் தகடுகளிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும். இரண்டாவது, நிபுணர் முடிவோடு ஒப்பிட்டு அது தவறியவற்றை எண்ணிக் காட்டுதல் வேண்டும். மூன்றாவது, ஏற்ற பின்னரும் சாயமோ கருவியோ மாறுந்தோறும் மீண்டும் சோதித்தல் வேண்டும். முடிவின்கீழ்க் கையொப்பம் மருத்துவருடையதாகவே இருத்தல் வேண்டும். 2021-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கென இத்தகைய கணிமுறை யொன்றிற்கு இசைவளித்தபொழுதும், நிபுணர்க்கு உதவியாகவே அன்றி அவர்க்கு மாற்றாக அளித்திலது.

விருத்தாசலத்துத் தொழிலாளி ஒருவரின் தசைத்துணுக்கு புதுச்சேரி ஜிப்மருக்கேனும், அடையாற்றில் 1954 முதல் தொண்டாற்றிவரும் புற்றுநோய் நிலையத்திற்கேனும் செல்லலாம். அதனை நோக்கும் கண் மனிதனுடையதாயினும் பொறியினுடையதாயினும் அவர் வேண்டுவது பிழையற்ற சொல்லொன்றே. ஆதலின் புதுமையை அஞ்சி விலக்காமலும் அவசரத்தால் அணையாமலும், நம் சூளையிற் சுட்டுப் பார்த்துப் பின் ஏற்போமாக.